சாமி மேடையின் கால் வீங்கிய கதை

போன மாதம் பினாங்கில் பிறை என்ற ஊரில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போயிருந்தேன். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத பிள்ளைகள். ஹாலில் பழைய பேப்பரை விரித்து, அதன் மேல் ஒரு சிப்போர்டு அலமாரியைப் படுக்கப் போட்டு, சாமி மேடையாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். விளக்கு உயரத்துக்காக நடுத்தட்டை அறுத்தாகிவிட்டது. முன்பக்கப் பலகையில் கோயில் வளைவு மாதிரி அழகாக வெட்டியும் ஆகிவிட்டது. பக்கத்தில் பெயிண்ட் டின் மூடி திறந்து கிடந்தது.

"அக்கா, ரெண்டு கோட் அடிச்சா போதும்ல?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

நான் அவள் ரம்பத்தால் அறுத்த விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து வருடத்துக்கு முன்னால் நான் அறுத்ததும் இதே மாதிரிதான் இருந்தது.

அளவெடுக்காமல் அறுப்பது, இடது பலகையை வலது பக்கம் மாட்டுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் ஒரு முறை பட்டால் தானாகப் புத்தி வந்துவிடும். பட்ட பிறகும் எதனால் பட்டோம் என்று புரியாத தவறுகள் சில இருக்கின்றன. அவற்றைச் சொல்கிறேன்.

2019 மார்ச்சில் பினாங்கின் பத்து கவான் ஊரில் ஐக்கியா பர்னிச்சர் கடை திறந்த பிறகு எங்கள் பக்கத்தில் இந்த ஆசை கூடிவிட்டது. அதற்கு முன் ஐக்கியா சாமான் வேண்டுமென்றால் கோலாலம்பூர்வரை இறங்க வேண்டும். இப்போது பட்டர்வொர்த்திலிருந்து அரை மணி நேரம். பலன், எந்த வீட்டுக்குப் போனாலும் அதே வெள்ளைக் கட்டம் போட்ட அலமாரி. கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாமே என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும்.

அறுத்த விளிம்பைப் பெயிண்ட்டால் மூடிவிட்டோம் என்று நம்புவது

சிப்போர்டு என்பது மரச் சில்லுகளைப் பசையோடு கலந்து, சூட்டில் வைத்து அமுக்கிய பலகை. இங்கே மலேசியாவில் செய்யும் பலகையில் ரப்பர் மரச் சில்லு நிறைய இருக்கும். தாத்தா பாட்டி பால் வெட்டிய மரம், பால் வற்றியதும் நம் வீட்டு அலமாரியாக வந்து நிற்கிறது என்று எனக்கு அடிக்கடி தோன்றும். அது கிடக்கட்டும். அமுக்கி வைத்த சில்லு தண்ணீர் பட்டால் பழையபடி விரியப் பார்க்கும். விரியும்போது நடுவில் இருக்கும் பசை விட்டுப்போகும். காய்ந்த பிறகு திரும்பச் சுருங்கி உட்காராது.

தொழிற்சாலையிலிருந்து வரும்போது பலகையின் முகத்தில் மெலமைன் என்ற மினுமினுப்பான பூச்சோ தாளோ ஒட்டியிருக்கும், கண்ணில் படும் விளிம்பில் மெல்லிய பட்டையும் இருக்கும். அதுதான் அதற்குத் தோல். ரம்பத்தை வைத்த அந்த நிமிடமே அங்கே தோல் உரிந்து சதை தெரிகிறது.

நான் செய்தது இதுதான். ஒரு கடையில் 140 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய அலமாரி. அடிப்பக்கத்தை 8 செண்டிமீட்டர் அறுத்து உயரத்தைக் குறைத்தேன். அறுத்த இடத்தில் தண்ணீரில் கரையும் வெள்ளைப் பெயிண்ட்டை மூன்று கோட் அடித்தேன். முதல் கோட்டிலேயே விளிம்பு முள் முள்ளாக எழும்பியது. பெயிண்ட்டில் இருக்கும் தண்ணீரையே பலகை குடிக்கிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. தேய்த்துவிட்டு மேலும் அடித்தேன். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. வெள்ளி எழுத்தில் ஓம் ஒட்டி, பித்தளை மணி தொங்கவிட்டு, சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் தரையைக் கழுவித்தான் ஆக வேண்டும். அம்மா மாப்பைப் பிழிவதில்லை, அவர் கணக்கில் ஈரம் சொட்டினால்தான் சுத்தம். சாமி மேடைக்குள் தினமும் சொம்புத் தண்ணீர், பூவின் ஈரம், விளக்கெண்ணெய். நாலாவது மாதம் கதவு இடித்தது. கீலைச் சரிசெய்தேன். அடுத்த மாதம் மறுபடி இடித்தது. குனிந்து பார்த்தால் பக்கப் பலகையின் கால் யானைக்கால் மாதிரி வீங்கியிருந்தது. 16 மில்லிமீட்டர் பலகை, அடியில் அளந்தால் 22. விரலால் தொட்டால் அவல் மாதிரி உதிர்ந்தது. பெயிண்ட் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் அதன் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. கடைசியில் பலகை, பெயிண்ட், கைப்பிடி, மணி எல்லாம் சேர்த்து 300 வெள்ளிக்கு மேல் குப்பைக்குப் போனது. சாமி படங்களை ஒரு மாதம் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கும்பிட்டோம்.

சரி, என்ன செய்திருக்க வேண்டும்? அறுத்த விளிம்பை 180 நம்பர் மணல்தாளில் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டு, எண்ணெய் சார்ந்த வார்னிஷ் ஒரு கோட் கொடுக்க வேண்டும். முதல் கோட் முழுவதும் உள்ளே இறங்கிவிடும், கொடுத்ததே தெரியாது. பயப்பட வேண்டாம், அது இறங்கத்தான் கொடுக்கிறோம். காய்ந்ததும் லேசாகத் தேய்த்து இன்னும் இரண்டு கோட். நேரான விளிம்பு என்றால் அதன் மேல் இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் விளிம்புப் பட்டையைப் போட்டுவிடலாம்.

வளைவாக வெட்டிய இடத்தில் பட்டை சரியாகப் படியாது. அங்கே நான் கார் பட்டறையில் ஹார்டனர் கலந்து பூசுகிற புட்டியைப் பூசுகிறேன். கெட்டியாக உட்காரும், தேய்த்தால் கண்ணாடி மாதிரி வழவழப்பாகும். ஆனால் புட்டி மட்டும் தண்ணீரைத் தடுக்காது, அதன் மேலும் பூச்சு வேண்டும். நாற்றம் அடிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். சில பேர் வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்துப் பூசச் சொல்வார்கள். படுக்கையறை அலமாரிக்குச் சரி. ஈரம் படுகிற இடத்துக்கு ஆகாது, சாதாரண வெள்ளைப் பசை தண்ணீரில் மறுபடி இளகும்.

இன்னொன்று, நீங்கள் அறுக்காவிட்டாலும் மலிவு அலமாரிகள் பலவற்றில் தரையைத் தொடும் விளிம்பு பட்டை இல்லாமல்தான் வருகிறது. கவிழ்த்துப் பாருங்கள். அங்கேயும் வார்னிஷ் கொடுத்து, பிளாஸ்டிக் குமிழோ 10 செண்டிமீட்டர் காலோ வைத்துத் தூக்கிவிடுங்கள். மாப் அடியில் போய் வரட்டும். அம்மாவை மாற்றுவதைவிட அது சுலபம்.

விளக்கு வைக்கும் தட்டில் ஒரு பளிங்குத் தரைக்கல் போடுங்கள், எண்ணெய் பலகையில் ஊறாது. சுடர் மேல்தட்டைச் சுடாத உயரமும் வேண்டும். ஐக்கியாவின் கால்லாக்ஸ் அலமாரியில் கட்டம் ஒன்று 33 செண்டிமீட்டர்தான். அதற்குள் உயரமான குத்துவிளக்கை வைத்து ஏற்றுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தட்டிப் பார்க்காமல் அறுப்பது

தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோம். பலகையைத் தட்டிப் பார்ப்பதில்லை. ஐக்கியாவின் லேக் மேசைப் பலகை கனமாகத் தெரியும், ஆனால் உள்ளே தேன்கூடு மாதிரி மடித்த காகிதம். எடை குறைவதும் விலை குறைவதும் அதனால்தான். நடுவில் அறுத்தால் இரண்டு மெல்லிய தகடும் நடுவில் ஓட்டையும்தான் மிஞ்சும். அதில் திருகு நிற்காது.

அறுத்தே தீர வேண்டுமென்றால், உள் இடைவெளியின் அகலத்துக்குச் சரியாக ஒரு மரச்சட்டத்தை அறுத்து, காகிதத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, பசை தடவிச் செருகுங்கள். பிறகு எந்தத் திருகையும் அந்தச் சட்டத்தில்தான் ஏற்ற வேண்டும்.

மினுமினுப்பின் மேல் நேராகப் பெயிண்ட் அடிப்பது

மெலமைன் எதையும் பிடித்துக்கொள்ளாது. அடித்த அன்றைக்கு அழகாக இருக்கும், மூன்றாம் வாரம் நகம் பட்டால் தோசை மாதிரி உரிந்து வரும். 180 அல்லது 220 நம்பர் தாளால் மினுமினுப்புப் போகும்வரை தேய்க்க வேண்டும். ஓட்டை விழும்வரை அல்ல. துடைத்துவிட்டு, வழுக்கும் பரப்புக்கென்று விற்கும் அண்டர்கோட்டை, அதாவது அடிப்பூச்சை, அடிக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு மூலையில் டேப்பை ஒட்டி வெடுக்கென்று உரித்துப் பாருங்கள். பெயிண்ட் கூடவே வந்தால் மறுபடி தேய்க்க வேண்டியதுதான்.

கழற்றிக் கழற்றிப் பூட்டுவது

பெட்டியில் வரும் ஆறு முகச் சாவிக்கு எங்கள் வீட்டில் முருகன் சாவி என்று பெயர். எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பலாம், சாவிக்கு ஒன்றும் ஆகாது. சிப்போர்டில் போட்ட துளைதான் தாங்காது. இரண்டாவது முறை கழற்றிப் பூட்டும்போதே தளர ஆரம்பிக்கும். பல்குச்சிகளைப் பசையில் தோய்த்துத் துளைக்குள் அடைத்து, ஒரு நாள் விட்டு, பிறகு திருகுங்கள். பெயிண்ட் அடிப்பதாக இருந்தால் பூட்டுவதற்கு முன்பே அடித்துவிடுங்கள்.

ஸ்பிரே கேன்

வீட்டு வாசலில் வேண்டாம். தூவல் காற்றில் பறக்கும், பக்கத்து வீட்டு மைவி கார் கறுப்பு நிறமாக இருக்கும்.

ஒட்டும் தாளால் சமையலறை அலமாரியைப் போர்த்துவது

அடுப்புச் சூட்டுக்கும் நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் மூலைகள் முதலில் எழும்பும். வாடகை வீட்டுக்கு மட்டும்.

சுவரில் பூட்டாமல் விடுவது

அலமாரிக்கு மேலே பளிங்குப் பலகை வைத்தோம், கால் வைத்து உயர்த்தினோம், கதவு மாட்டினோம். கனம் மேலே ஏறிவிட்டது, கதவைத் திறந்தால் முன்பக்கம் சாயும். கீழே ஒரு குழந்தை இழுப்பறையைப் படிக்கட்டாக நினைத்து ஏறுகிறது. 2016இல் அமெரிக்காவில் ஐக்கியா சுமார் 2 கோடியே 90 லட்சம் இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெற்றது. குழந்தைகள் மேல் சாய்ந்து உயிர் போன பிறகு நடந்தது அது. பெட்டியில் வரும் சுவர்ப் பட்டையை மிச்ச சாமான் என்று டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் செங்கல் சுவர்தான், 6 மில்லிமீட்டர் துளை போட்டு அதற்கேற்ற பிளக்கை அடித்து இறுக்கப் பத்து நிமிடம் ஆகும்.

தீபாவளிக்கு முந்தின வாரம் தொடங்குவது

பெயிண்ட் தொட்டால் ஒட்டாது என்பது வேறு, உள்ளேவரை இறுகிவிட்டது என்பது வேறு. இறுகுவதற்குப் பல பெயிண்ட்டுகளுக்கு மூன்று நாலு வாரம்கூட ஆகும், மழைக்காலத்தில் இன்னும் இழுக்கும். பினாங்கில் தீபாவளி வருவதே மழையோடுதான். போன முறை அவசரப்பட்டு முறுக்கு டின்களை அடுக்கினேன். விருந்தாளி வந்து எடுத்தபோது டின் வந்தது, அதோடு வட்டமாகப் பெயிண்ட்டும் வந்தது. அந்த ஆறு வட்டமும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. மேலே துணி போட்டு மறைத்து வைத்திருக்கிறேன்.