மக்களடர்த்தியைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க எகிப்தைப் பிடியுங்கள்

மனிதப் புவியியல் முதலாண்டு படிப்பவர்களுக்கு மூன்று வகை அடர்த்தியும் ஒன்றோடொன்று கலந்துவிடும். வரையறையை மனப்பாடம் செய்யாதீர்கள். எகிப்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பரப்பு சுமார் 10 லட்சம் சதுர கிலோமீட்டர், மக்கள் 10 கோடிக்கும் மேல். வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு 100 பேர் சொச்சம். இதுதான் எண்கணித அடர்த்தி. அடடா, தாராளமாக இடம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் இரவில் எடுத்த விண்வெளிப் படத்தைத் தேடிப் பாருங்கள். நைல் நதி நெடுக ஒரு ஒளித்தண்டு, வடக்கே கழிமுகத்தில் தாமரை விரிந்தாற்போல் வெளிச்சம், மற்றதெல்லாம் கும்மிருட்டுப் பாலை. பயிர் செய்ய ஏற்ற நிலம் சுமார் 4 சதவீதம்தான், அதாவது 40,000 சதுர கிலோமீட்டர். இப்போது 10 கோடியை 40,000-ஆல் வகுங்கள்: 2,500! இது விளைநிலத்தை மட்டும் வைத்துப் பார்க்கும் அடர்த்தி. நிலத்தின் மீதுள்ள உண்மையான நெருக்கடி இங்கேதான் தெரியும்.

சரி, மூன்றாவது? மேலே மொத்த மக்களுக்குப் பதில் விவசாயிகளை மட்டும் வையுங்கள். கீழே அதே விளைநிலம். அது வேளாண் அடர்த்தி. நெதர்லாந்தில் மக்கள் நெருக்கம் அதிகம், ஆனால் இயந்திரங்கள் வேலை செய்வதால் இந்த எண் சின்னது. எகிப்தில் பெரியது.

தேர்வில் வந்தால், வகுக்கும் எண் மொத்த நிலமா விளைநிலமா என்பதை முதலில் பாருங்கள். பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான்.