பஸ்பங்களின் பாக்டீரியா எதிர்ப்பைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையுறை, தீச்சுடர், கிருமிநீக்கம் எல்லாம் எந்த ஆய்வகத்திலும் முதல் நாளே சொல்லித்தருவார்கள். உலோகம் போன்றவற்றைப் புடமிட்டு, அதாவது மூடிய கலத்தில் சுட்டு, பொடியாக்கிய மருந்தான பஸ்பத்துக்கென்றே உள்ள தவறுகள் வேறு.

கரையாத பொடியைக் குழியில் போட்டு வளையம் தேடுவது

புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்பச் செய்வது இது. தாமிர பஸ்பத்தை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கலக்கி, கிருமி பரப்பிய அகர் கூழில் வெட்டிய 6 மி.மீ. குழியில் ஊற்றுகிறார்கள். மறுநாள் குழியைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் இல்லை என்றதும் 'செயல்திறன் இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் பொடியில் பெரும்பாலும் இருப்பது தாமிர ஆக்சைடும் சல்பைடும். இவை தண்ணீரிலும் கரையாது, டிஎம்எஸ்ஓவிலும் கரையாது. துகள் குழியின் அடியிலேயே படிந்துவிடும். கசியும் கொஞ்சம் தாமிர அயனியையும் இந்தச் சோதனைக்கு வழக்கமான முல்லர்-ஹின்டன் அகரின் அமினோ அமிலங்கள் பிடித்துக்கொள்ளும். பரவாத பொருள் எப்படி வளையம் தரும்?

அடுத்து நடப்பது இதைவிட மோசம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்துப் போட்டதும் பளிச்சென்று வளையம் வரும். அது காப்பர் குளோரைடும் அமிலமும் செய்த வேலை. பல புடங்களில் உருவான மருந்து சோதனைக்குழாயிலேயே அழிந்துபோனது. மாதக்கணக்கான உழைப்பு இப்படிப் போவது இன்றும் எரிச்சலூட்டுகிறது.

இதற்குப் பதிலாக, பொடியை 0.85% உப்புநீரில் கலக்கி, மில்லிலிட்டருக்கு 5 லட்சம் கிருமி சேர்த்து, 37 டிகிரியில் குலுக்கியில் வையுங்கள். 0, 2, 6, 24 மணி நேரத்தில் எடுத்து, உலோக அயனியைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ கலந்த கரைசலில் நீர்த்து, தட்டில் பரப்பிக் காலனியை எண்ணுங்கள். இடிடிஏ இல்லாவிட்டால் ஒட்டிவந்த தாமிரம் தட்டிலும் கொன்றுகொண்டே இருக்கும். கூடவே மூன்று குடுவைகள் வேண்டும்: பொடியில்லாத கிருமி, இடிடிஏ மட்டும் பட்ட கிருமி, பொடியை 24 மணி நேரம் ஊறவைத்து 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்த நீரில் இட்ட கிருமி. மூன்றாவதில் கிருமி செத்தால் காரணம் அயனி. சாகாவிட்டால் துகளோடு நேரடித் தொடர்பைச் சந்தேகிக்கலாம். எண்ணிக்கை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்தால்தான் 'கொல்கிறது' என்று எழுதலாம்.

கலங்கலை வைத்து முடிவு சொல்வது

கிருமி பெருகினால் நீர் கலங்கும் என்பதால், கலங்கலை ஒளியடர்த்தியாக அளப்பது வழக்கம். ஆனால் பஸ்பமே கலங்கல்தான். ஒளியடர்த்தி எண்ணை நம்பாதீர்கள்.

ரசசிந்தூரத்தை உலர்வெப்ப அடுப்பில் வைப்பது

கூடாது. ரசசிந்தூரம் பாதரசமும் கந்தகமும் சேர்ந்த மருந்து; கிருமிநீக்கத்துக்காகச் சூடாக்கினால், அதில் தனித்த பாதரசம் மிச்சமிருந்தால் ஆவியாகும்.

பெயரை மட்டும் குறிப்பது

தயாரிப்புக்குத் தயாரிப்பு சேர்மமும் துகள் அளவும் மாறும். தொகுதி எண், புடங்களின் எண்ணிக்கை, எந்தச் சேர்மம் என்று காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல் படம் மூன்றையும் சேர்த்து வையுங்கள்.

மீதியைக் கழுவுதொட்டியில் கொட்டுவது

ஈயமோ பாதரசமோ உள்ளவற்றைத் தனிப் புட்டியில் சேர்த்து, உலோகக் கழிவாக ஒப்படையுங்கள்.