பிரிவுக்குப் பின் ஓர் ஆல்பம்: ஒற்றைக் கிட்டாருடன் எழுதிப் பதிவுசெய்யும் முறை

காதல் முறிவுக்குப் பிந்தைய உறவுகளைப் பற்றி ஓர் இண்டி ஃபோக் (பெரிய நிறுவனங்களைச் சாராத, நாட்டார் பாணி) ஆல்பம் செய்வதற்குப் பெரிய ஸ்டூடியோ தேவையில்லை என்பதற்கு, போன் இவேர் என்ற பெயரில் அமெரிக்கப் பாடகர் ஜஸ்டின் வெர்னன் வெளியிட்ட ‘ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ’ நல்ல சான்று. இசைக்குழு கலைந்து, காதலும் முறிந்து, உடல்நலமும் குன்றியிருந்த நிலையில், 2006-07 குளிர்காலத்தில் விஸ்கான்சின் மாநிலத்தில் தம் தந்தையின் வேட்டைக் குடிலில் சில மாதங்கள் தங்கி, ஒரு கணினி, ஓர் எஸ்எம்57 மைக், பழைய கிட்டார் ஆகியவற்றைக் கொண்டு அதன் பெரும்பகுதியை அவரே பதிவுசெய்தார். அந்தக் காட்டுக் குடிலைப் பற்றிய கதை அளவுக்கு மீறிப் பேசப்பட்டுவிட்டது என்பது என் எண்ணம். கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய ஓர் அறை இருந்தாலே போதும்.

முதலில் எழுத்து வேலையைத் தொடங்குங்கள். பிரிந்த நாளைப் பற்றி ஒரு பாடலுக்கு மேல் எழுத வேண்டாம். அதற்குப் பிறகு மாறிப்போன உறவுகளில்தான் மற்ற பாடல்களுக்கான சரக்கு இருக்கிறது. இருவருக்கும் பொதுவாக இருந்து, இப்போது யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நெளியும் நண்பர், விவரம் தெரியாமல் ‘அவள் எப்படி இருக்கிறாள்?’ என்று கேட்கும் அத்தை, புதிதாக அறிமுகமானவரிடம் பழைய செல்லப்பெயரை வாய்தவறிச் சொல்லிவிடும் தருணம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, உரைநடையாகவே எழுதிவையுங்கள். ‘நீ இல்லாத வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது’ என்ற வரியை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். ‘சிலிண்டர் வந்தால் ஓடிபி இன்னும் உன் எண்ணுக்குத்தான் போகிறது’ என்று எழுதினால், அந்த வீட்டில் இருவர் வாழ்ந்ததும், இன்னும் ஒரு முறையாவது பேசியாக வேண்டியிருப்பதும் விளக்கமின்றியே கேட்பவருக்குப் புரிந்துவிடும். ஆனால் பிரிந்தவரின் பெயர், வேலை, ஊர் ஆகியவற்றை மாற்றிவிடுவது நாகரிகம்; அவர் பதில் பாட்டு எழுதப்போவதில்லை.

மெட்டு தனியாகப் பிறக்கட்டும். வெர்னன் முதலில் சொற்களின்றி வெறும் ஒலிகளாகப் பாடிப் பதிவுசெய்து, அவ்வொலிகளுக்கு இசைந்த சொற்களைப் பிறகு தேடினார். நம் திரையிசையில் தத்தகாரத்துக்கு (‘தன னான’ என்று பாடிக்காட்டும் மெட்டுக்கு)ப் பாட்டெழுதிப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. கிட்டாரின் ஆறு தந்திகளையும் தடித்ததிலிருந்து டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி என்று சுருதி சேர்த்து, ஓப்பன் டி ட்யூனிங்கில் வைத்துக்கொண்டால், பழகிய கார்டுகளுக்கு விரல்கள் தாமாக ஓடுவது நிற்கும்.

பதிவுக்கு உட்காரும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். மைக்கைக் கிட்டாரின் ஒலித்துளைக்கு நேராக வைத்தால் தாழ்ந்த ஒலிகள் குமுறும்; கிட்டார் கழுத்தின் பன்னிரண்டாவது ஃப்ரெட்டை (குறுக்குக் கம்பியை) நோக்கி, சுமார் 15 முதல் 20 செ.மீ. தள்ளி வைப்பது நல்லது. எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக் தெருச்சத்தத்தை அதிகம் இழுக்காது என்றாலும் அதற்குக் கெயின் (ஒலியைப் பெருக்கும் அளவு) கூடுதலாகத் தேவைப்படும். பதிவு மென்பொருளின் அளவுகாட்டியில் உச்ச ஒலி மைனஸ் 10 டெசிபெலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குரலை அடுக்கும் வேலைதான் மிகுந்த பொறுமையைக் கேட்கும். ஒரே வரியை இரண்டாம் முறையும் முழுதாகப் பாடி, ஒன்றை இடப்புறமும் மற்றதை வலப்புறமும் வைத்தால் தனிக்குரலுக்கு அகலம் கிடைக்கும். பதிந்த டேக்கையே (ஒரு முறை பாடிய பதிவையே) நகலெடுத்து ஒட்டினால் அந்த அகலம் வராது, ஒலி மட்டுமே கூடும். தமிழில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ‘விட்டாய்’ என்று இரண்டு டேக்கிலும் பாடும்போது ‘ட்ட’ இம்மியளவு முன்பின்னாக விழுந்தாலும் காதில் இரண்டு முறை தட்டும். ஆகையால் இரண்டாம் டேக்கில் வல்லினத்தைத் தளர்த்தி, உயிரொலியை மட்டும் தெளிவாகப் பாடுங்கள். ஃபால்செட்டோவில் (இயல்பான குரலைத் தாண்டிய மெல்லிய உச்சக்குரலில்) மூன்றாவது அடுக்கு ஒன்றைச் சேர்ப்பதானால், அதைப் பல்லவிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாடல்களைக் கழிப்பதில் தயக்கம் வேண்டாம். வெர்னனின் ஆல்பத்தில் 9 பாடல்கள்; 1971இல் வந்த, கனடியப் பாடகி ஜோனி மிட்செலின் ‘ப்ளூ’ ஆல்பத்தில் 10; இரண்டுமே 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடுகின்றன. ஒரே மனநிலையில் ஒரே வேகத்தில் வரும் இரண்டு பாடல்களில் ஒன்றை எடுத்துவிடுங்கள். வரிசையைக் காலமுறைப்படி அமைக்க வேண்டியதில்லை. கோபம் தணிந்த பாடலுக்குப் பிறகு மறுபடியும் கோபம் வரலாம், வாழ்க்கையிலும் அப்படித்தான் நடக்கிறது.

குரலையும் கிட்டாரையும் சேர்த்துச் சமன்செய்யும் மிக்ஸ் வேலை முடிந்ததும் ஹெட்போனில் ஒரு முறையும் சாதாரணக் கைப்பேசி ஸ்பீக்கரில் ஒரு முறையும் கேளுங்கள். ஸ்பீக்கரில் சொல் புரியாவிட்டால் கிட்டாரைக் குறையுங்கள். வெர்னன் 2007இல் 500 குறுந்தகடுகளைத் தாமே அச்சிட்டு வெளியிட்ட பிறகுதான், 2008இல் ஜக்ஜகுவார் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் அந்த ஆல்பத்தை மறுபடி வெளியிட்டது. நீங்களும் முதலில், கலைஞர்கள் தம் இசையைத் தாமே விற்கக்கூடிய பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் ஏற்றிவிட்டு, பாடல் வரிகளைத் தமிழில் பிழையின்றித் தட்டச்சு செய்து அதனுடன் இணைத்துவிடுங்கள்.