மேல்மலையில் முதல் கூடார இரவு: ஏரி, அருவி ஓரம் நடப்பவர்களுக்கான செய்முறை

கொடைக்கானலைத் தாண்டிப் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கிளாவரை எனப் பரந்து கிடக்கும் பகுதியை உள்ளூர் மக்கள் மேல்மலை என்பார்கள். ஏரியும் புல்வெளியும் சோலைக்காடும் அடுத்தடுத்துக் காணக் கிடைப்பதால், முதன்முறையாக மலையில் நடந்து கூடாரத்தில் தங்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. புதியவர்கள் பெரும்பாலும் ஏற்றத்தை எண்ணியே அஞ்சுகிறார்கள். உயிருக்கு ஆபத்து வருவதோ பெரும்பாலும் நீராலும் குளிராலும்தான். ஆகவே அவ்விரண்டையும் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அனுமதி. வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் கட்டாயம். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும் கூடாரமிடுவதும் குற்றமாகும். பேரிஜம் ஏரிக்குக்கூட வனத்துறை அனுமதிச்சீட்டுடன் பகலில் மட்டுமே செல்லலாம். எனவே இரவுத் தங்கலை வனத்துறை ஏற்பாட்டிலோ, முறையான அனுமதி பெற்ற தனியார் இடத்திலோ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுப்பாடுகளைத் தொல்லையாக எண்ண வேண்டாம்: 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்ற பலர் உயிரிழந்ததை நாம் மறக்கக் கூடாது.

அடுத்து மாதம். கொடைக்கானல் அமைந்த பழனி மலைத்தொடரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வலுத்துப் பெய்யும். பிப்ரவரி பிற்பகுதியிலிருந்து புல் காய்ந்து தீ அபாயம் தொடங்கும். இவ்விரண்டுக்கும் இடையில், ஓடைகளில் நீர் வற்றாத ஜனவரி பிற்பாதியே தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது. அப்போது இரவில் உறைபனி விழலாம் என்பதால் உடையில் கவனம் தேவை.

ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறக்குறைய 6 டிகிரி குறையும். மதுரையில் போட்டிருந்த சட்டையோடு 2,000 மீட்டருக்கு மேல் இரவைக் கழிக்க முடியாது. பருத்தித் துணி நனைந்தால் எளிதில் உலராது, உடல் சூட்டையும் உறிஞ்சிவிடும். ஆகையால் நடப்பதற்கு விரைவில் உலரும் உடையும், அதன்மேல் கம்பளிச் சட்டையும், காற்றுப் புகாத ரெயின்கோட்டும் வேண்டும். இரவுக்கென ஒரு ஜோடி காலுறையைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றித் தனியே வைத்து, என்ன நேர்ந்தாலும் பகலில் அதைத் தொடாதீர்கள்.

நடையைக் காலையிலேயே தொடங்கி, மாலை 4 மணிக்குள் தங்குமிடம் சேருங்கள். காட்டுமாடு எதிர்ப்பட்டால் சத்தமிடாமல், ஓடாமல், முகத்தை அதன் பக்கமே வைத்தபடி பின்வாங்கி வழிவிட வேண்டும். அட்டை கடித்தால் பிய்த்து எறியாமல், அதன் வாய்ப்பக்கத்தில் நகத்தைத் தட்டையாக நுழைத்துத் தள்ளினால் கழன்றுவிடும்.

இனி அருவி. மலையடிவாரத்தில் பெரியகுளம் அருகே இருக்கும் கும்பக்கரை அருவியில், தலைக்குமேல் வானம் தெளிந்திருக்கும்போதே வனத்துறையினர் குளிக்கத் தடை விதிப்பதுண்டு. மேலே வட்டக்கானல், வெள்ளகவிப் பகுதிகளில் பெய்த மழை வெள்ளமாக வந்து சேர்வதே காரணம். நீங்கள் நிற்கும் இடத்தில் மழை இல்லை என்பது எதற்கும் உத்தரவாதம் இல்லை. தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கனத்தாலோ, செருப்பையும் பையையும் எடுக்க நிற்காமல் உடனே கரையேறி மேட்டுக்குச் செல்லுங்கள். அருவியின் தலைப்பகுதியில், பாசி படிந்த பாறைமீது படம் எடுக்க நிற்கவே கூடாது. பள்ளத்தின் ஆழம் தெரியாமல் குதிப்பதும் அப்படியே: அஞ்சுவீடு அருவியில் இளைஞர்கள் பலர் இறந்திருக்கிறார்கள்.

கூடாரத்தை ஏரிக்கரையை ஒட்டி அடிக்க ஆசை வரும், அடிக்காதீர்கள். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் இரவில் சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். உறைபனி முதலில் விழுவதும் அங்கேதான். கரையிலிருந்து ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி, சற்றே உயர்ந்த, காய்ந்த கிளைகள் தலைக்குமேல் இல்லாத இடத்தைத் தேர்ந்தெடுத்து, காற்று வரும் திசைக்கு மறுபக்கம் வாசல் அமையும்படி நிறுத்துங்கள். முளையைக் கூடாரத்துக்கு வெளிப்புறமாகத் தலை சாயும்படி அடித்தால் கயிறு இழுத்தாலும் பிடுங்கிக்கொள்ளாது. உடலுக்கு மேலே போர்த்துவதைப் போலவே கீழே விரிக்கும் பாயும் முக்கியம். தரைதான் அதிகச் சூட்டை எடுத்துக்கொள்கிறது.

இவ்வுயரத்தில் நீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் சோறு வேக நேரமாகும். அவலும் ரவையும் கொண்டுபோவது நல்லது. ஓடை நீரைத் தளதளவென மூன்று நிமிடம் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். சமையலுக்கு அடுப்பு போதும்; விறகுத் தீ மூட்ட வேண்டாம், கூடாரத்துக்குள் எந்த அடுப்பையும் பற்றவைக்கவே வேண்டாம். இரவில் யாருக்காவது விடாத நடுக்கமும் பேச்சில் குழறலும் வந்தால், உடனே ஈர உடையைக் களைந்து, உலர்ந்த கம்பளியில் சுற்றி, விழுங்க முடிந்தால் வெதுவெதுப்பான இனிப்புப் பானம் கொடுத்து, உதவிக்கு ஆள் அழையுங்கள்.

காலையில் குப்பை முழுவதையும், பழத்தோல் உட்பட, பையில் கட்டிக் கீழே கொண்டுவாருங்கள். பனியில் நனைந்த கூடாரத்தை அப்படியே மடித்து வைத்தால் பூசணம் பிடிக்கும். வீடு சேர்ந்த அன்றே மொட்டைமாடியில் விரித்து, தையல் ஓரங்கள் உட்பட நன்றாகக் காய்ந்த பிறகு எடுத்துவையுங்கள்.