பழைய தோல் ஆலை, குப்பைமேடு பக்கத்தில் வீடு: எங்கே சறுக்குகிறோம்

பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் தோல் பதனிட்ட ஆலைகள், பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் குப்பைக் கிடங்கு, மணலி, எண்ணூரில் எண்ணெயும் ரசாயனமும் சாம்பலும். சென்னையில் பட்ஜெட்டுக்குள் வீடு தேடுகிறவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் இவற்றில் ஒன்றின் பக்கத்தில் போய் நிற்கத்தான் செய்வார்கள். வாங்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. பார்க்க வேண்டியதை விட்டுவிட்டு வேறெதையோ பார்த்துத் திருப்தியடைவதுதான் பிரச்சினை.

"பேங்க் லோன் பாஸாகிவிட்டது, லீகல் கிளியர்" என்பதை மண்ணுக்கும் சேர்த்துக் கிடைத்த சான்றிதழாக எடுத்துக்கொள்கிறோம். வங்கியின் வக்கீல் பார்ப்பது உரிமையை, வேல்யூயர் பார்ப்பது விலையை. சிஎம்டிஏவின் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) கட்டட அனுமதியும், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் அவசியம்தான். போர்வெல்லில் தோல் பதனிடப் பயன்பட்ட குரோமியம் இருக்கிறதா என்று அவை சொல்லாது. ஆனால் அதே பத்திரங்களை வேறு கண்ணோடு படிக்கலாம். வில்லங்கச் சான்றிதழை முடிந்தவரை பின்னால் போய் எடுங்கள். மூலப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் டேனரி, கெமிக்கல்ஸ், குடோன், ஷெட் என்று ஏதாவது தட்டுப்படுகிறதா பாருங்கள். 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கட்டுமானம் என்றால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தையும் நிபந்தனைகளையும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் தேடலாம். பில்டரின் பளபளப்பான புரோஷரை விட அதைப் படிப்பது எவ்வளவோ மேல்.

அடுத்தது தண்ணீர். இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். வீடு பார்க்கப் போகும்போது டிடிஎஸ் மீட்டரை முக்கி, "400தான் சார், ஸ்வீட் வாட்டர்" என்பார்கள். அந்த மீட்டர் கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவைத்தான் காட்டும். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்த அளவை இந்த மீட்டரில் பார்க்க வழியே இல்லை. காய்ச்சினாலும் உலோகம் போகாது. லேபில் சாதாரண குடிநீர்ப் பரிசோதனை என்று கொடுத்தால் கடினத்தன்மை, குளோரைடு, கிருமி என்று முடித்துவிடக்கூடும். தோல் ஆலைப் பக்கம் என்றால் குரோமியம், எண்ணெய்ப் பக்கம் என்றால் பென்சீன் வகையறா, குப்பைமேடு என்றால் நைட்ரேட், அம்மோனியா, கன உலோகங்கள் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மாதிரியை ஆர்ஓவுக்கும் சாஃப்ட்னருக்கும் முன்னால், மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடியுங்கள். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பிறகு ஒருமுறை பார்த்தால் இன்னும் நல்லது. "மெட்ரோ வாட்டர் இருக்கே" என்பதும் பதிலாகாது. கோடையில் அந்த போர்வெல்தான் குளிக்க, துவைக்க.

அப்புறம், ஆலையை மூடியாச்சு, குப்பையை அள்ளியாச்சு என்ற நிம்மதி. பயோமைனிங் என்பது மேலே குவிந்த பழைய குப்பையைச் சலித்துப் பிரித்து அகற்றுவது. பல வருடமாகக் கீழே இறங்கிய கசிவு நீரை அது திருப்பி எடுத்துவிடாது. வேலை முடியாத வரை காற்றும் கவலைதான்: பெருங்குடிக் கிடங்கு 2022 ஏப்ரலில் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது.

மேப்பில் வட்டம் போட்டு "ஒன்றரை கிலோமீட்டர் தள்ளித்தானே" என்று தேறுவதும் தவறு. நிலத்தடி நீர் எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது, வெள்ளம் எந்த வழியாக வரும் என்பதுதான் கணக்கு. 2013இல் தண்டையார்பேட்டையில் பூமிக்கடியில் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது வீட்டு போர்வெல்களில் எண்ணெய் வந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்து, வடிந்த பிறகு சுவரில் கறுப்புக் கோடாக நின்றது. தெருவில் நாலு பழைய வீடுகளின் காம்பவுண்டு சுவரைப் பார்த்து, சமைக்க என்ன தண்ணீர் என்று கேளுங்கள். தெருவே கேன் வாங்குகிறது என்றால் காரணத்தையும் கேளுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஊர்ப் பெயரைக் கேட்டதும் குரோம்பேட்டை முழுவதையும் ஒதுக்கிவிடுவது. ஒரு தெருவில் கெட்ட தண்ணீர், நாலு தெரு தள்ளி நல்ல தண்ணீர் என்பது நடக்கக்கூடியதே. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, அந்த சர்வே எண்ணில் முன்பு எந்த ஆலைக்கு அனுமதி இருந்தது என்று கேட்கலாம்.

இதற்கெல்லாம் நாள் பிடிக்கும். புரோக்கர் "இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க" என்பார். டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், தண்ணீர், மண் பரிசோதனை சரியில்லாவிட்டால் முழுப் பணமும் திரும்பத் தர வேண்டும் என்ற ஒரு வரியை ரசீதிலேயே எழுதி, விற்பவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.