பழைய டீசல் டிராக்டர் கிளம்பவில்லையா? முதலில் புகையைப் பாருங்கள்

பழைய டிராக்டர் கிளம்ப மறுத்தால், பலர் எடுத்த எடுப்பில் டீசல் பில்டரை மாற்றுகிறார்கள். அதிலும் சரியாகாவிட்டால், டீசலை உயர் அழுத்தத்தில் இன்ஜெக்டர்களுக்கு அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்பின் மீது கை வைத்துவிடுகிறார்கள். பம்பு கெட்டுப்போவதைவிட, அதற்கு டீசல் ஒழுங்காக வந்து சேராமல் போவதே மிகுதி. ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன், கோளாறு மின்சாரப் பக்கமா டீசல் பக்கமா என்பதைப் பிரித்தறிய வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, பிரேக்கைப் பூட்டி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

படி 1: செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) சுற்றுகிறதா?

சாவியைத் திருப்பியும் ஓசையே இல்லையென்றால், கிளச்சை மிதிக்காததால் பாதுகாப்பு சுவிட்ச் தடுக்கிறதா என்று பாருங்கள். "டக்" என்று ஒரு சத்தத்தோடு நின்றாலும், இன்ஜின் சோம்பலாகச் சுற்றினாலும், பேட்டரியையும் அதன் டெர்மினல்களையுமே சந்தேகிக்க வேண்டும். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். டெர்மினலில் பூத்திருக்கும் வெண்பச்சைத் தூளைச் சுரண்டி எடுக்கும்போது, இன்ஜின் உடலோடு இணைந்த எர்த் வயரை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள்.

படி 2: சைலன்சரில் புகை வருகிறதா?

இன்னொருவரைச் செல்ஃப் போடச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சரைக் கவனியுங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுற்ற வேண்டாம். அடுத்த முயற்சிக்கு முன் ஒரு நிமிடம் மோட்டாரை ஆறவிடுங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை. குளிர், மெதுவான சுழற்சி, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படுவது) குறைவு ஆகியவை அதற்குக் காரணமாகலாம். புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை.

படி 3: டேங்கிலிருந்து பில்டர் வரை

இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப் கேபிள் முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் நானே அரை நாளை அதில் தொலைத்திருக்கிறேன். பிறகு பில்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் பிடித்து, டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தள்ளும் ஃபீட் பம்பின் கை நெம்புகோலை அடியுங்கள். டீசல் வரவில்லையென்றால் டேங்க் மூடியைத் திறந்து மீண்டும் அடியுங்கள். அப்போது வந்தால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. கசடு தங்கும் கண்ணாடிக் கிண்ணம் இருந்தால் அடியில் தண்ணீரோ கறுப்புக் கசடோ தேங்கியிருக்கலாம். அதைக் கொட்டிக் கழுவுங்கள்.

படி 4: ஏர் எடுத்தல்

பில்டரைக் கழற்றினாலும் டேங்க் வறண்டாலும் குழாயில் காற்று புகுந்துவிடும். பில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று தளர்த்தி, நெம்புகோலை நிதானமாக அடியுங்கள். முதலில் நுரையாகப் பொங்கும்; பிறகு ஒன்றிரண்டு குமிழ்கள்; கடைசியில் கண்ணாடிக் கம்பிபோலத் தெளிவாக டீசல் வழியும். அது வழிந்துகொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு, இன்ஜெக்ஷன் பம்பில் உள்ள ஸ்க்ரூவுக்கும் அவ்வாறே செய்யுங்கள். நெம்புகோல் தொளதொளவென்று அடிபட்டால் ஃபீட் பம்பு பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். உள்ளே பம்பை இயக்கும் கேம் (மேடுள்ள சுழல் பாகம்) உயரத்தில் நின்றிருக்கலாம். இன்ஜினைச் சற்றே சுற்றிவிட்டால் பிடிமானம் வந்துவிடும்.

அதன்பின்னும் கிளம்பாவிட்டால், டீசல் குழாய்கள் இன்ஜெக்டரோடு சேரும் முனையில் உள்ள நட்டுகளைத் தளர்த்திச் செல்ஃப் போட்டு, டீசல் விட்டுவிட்டுத் துள்ளியதும் இறுக்குங்கள். அங்கே விரலை வைத்துப் பார்க்கவே கூடாது; அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

மறுநாளும் அதே தொல்லையா?

ஏர் எடுத்தால் ஓடி, இரவு நின்றபின் மீண்டும் மறுத்தால், எங்கோ காற்று புகுகிறது. தொடக்கநிலையாளர்கள் டீசல் கசியும் ஈரத்தைத் தேடி ஏமாறுவது இங்குதான். டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடைப்பட்ட குழாயில் டீசல் உறிஞ்சப்படுவதால், வெடிப்பு காற்றை இழுக்குமே தவிர, வெளியே சொட்டு விடாமலும் இருக்கலாம். ஃபீட் பம்புக்கு முன் டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் ஹோஸ் ஒரு துண்டை இணைத்து இன்ஜினை ஓட்டிப் பாருங்கள். குமிழ்கள் தொடர்ந்து ஓடினால், அங்கிருந்து டேங்க் வரையுள்ள ஹோஸ், கிளாம்ப், வாஷர் ஒவ்வொன்றையும் மாற்றி, குமிழ் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்.