அடுத்த காம்பராவுக்காகப் பிள்ளை வளர்க்க வேண்டாம்

தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது காம்பராக்கள் (அறைகள்) சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும் தொழிலாளர் வரிசை வீடுகளில், எந்த வீட்டுப் பிள்ளை இரவில் படுக்கையை நனைக்கிறது என்று யாரும் விசாரிக்கத் தேவையில்லை. காலையில் இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், கம்பியில் கம்பளி தொங்கும். நுவரெலியாப் பக்கத்து மழைக்காலத்தில் இரண்டு நாளானாலும் அது காயாது. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போவார்கள். "என்னடா, ராத்திரி உங்க வீட்டுக்குள்ளயும் மழையா?" என்று ஒரு குரல் வரும். ஏழு வயதுப் பையன் கதவுக்குப் பின்னால் ஒளிவான். அம்மாவுக்குப் பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்கு) நேரமாகிவிட்டது, அவமானம் வேறு. முதுகில் ஒன்று வைத்துவிட்டுப் போவாள்.

நானும் லயத்தில் வளர்ந்த ஆள்தான். பிள்ளை வளர்ப்பில் நம் பக்கத்தில் நடக்கிற தவறுகளில் பாதி, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற காதுகளை நினைத்துச் செய்பவை.

கம்பளியிலிருந்தே தொடங்கலாம். ஐந்து வயது வரை இரவில் நனைப்பதை நோய் என்றே யாரும் சொல்வதில்லை. ஐந்து வயதிலும் நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய பதினைந்து பேர் நனைக்கிறார்கள். பெரும்பாலானோருக்கு வயது ஏற ஏறத் தானாக நின்றுவிடும். தூக்கத்தில் தன்னை அறியாமல் நேர்வதற்கு அடி கொடுத்து என்ன பயன்? பரம்பரையாகவும் வரும், திட்டுகிற அப்பாவை, அவருடைய சின்ன வயதுக் கதையை அப்பாயியிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

செய்யக்கூடியவை சின்னச் சின்ன வேலைகள்தான். பகலில் தண்ணீர் நன்றாகக் குடிக்கட்டும், பொழுது சாய்ந்த பிறகு தேத்தண்ணியை நிறுத்துங்கள். படுக்கும் முன் ஒருமுறை போய் வரட்டும். கக்கூஸ் வெளியே, இருட்டில், குளிரில், நாய் படுத்திருக்கும் இடத்தில் இருந்தால் எந்தப் பிள்ளை எழுந்து போகும்? கூடவே ஒருவர் போங்கள், இல்லாவிட்டால் மூலையில் ஒரு வாளி வையுங்கள். மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் பாருங்கள், அதுவே காரணமாக இருப்பதுண்டு. ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று மறுபடி தொடங்கினால் கட்டாயம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சிறுநீரில் கிருமி இருக்கலாம், சீனி வியாதியாக இருக்கலாம், மனசில் ஏதாவது இருக்கலாம்.

அடுத்தது அடம். இரண்டு, மூன்று வயதில் விழுந்து புரள்வது வளர்ச்சியில் ஒரு பகுதி. அதை ஆறு வயது வரை இழுத்துக்கொண்டு போவது நாம்தான். பேரன் போன் கேட்டு அழுகிறான். அப்பாயி "இல்லை" என்கிறார். அவன் கத்துகிறான். "என்னா ஆத்தா, புள்ளைய கொல்றியா?" என்று அடுத்த காம்பராவில் கேட்கிறார்கள். போன் கைக்கு வந்துவிடுகிறது. அவன் அன்றைக்குப் படித்த பாடம்: பத்து நிமிடம் கத்தினால் போதாது, பதினைந்து நிமிடம் கத்த வேண்டும். கொடுப்பதாக இருந்தால் முதல் வார்த்தையிலேயே கொடுங்கள். இல்லை என்றால் கடைசி வரை இல்லைதான். அடிபடாமல் பார்த்துக்கொண்டு, பேச்சுக் கொடுக்காமல் உங்கள் வேலையைப் பாருங்கள். முதல் சில நாள் சத்தம் கூடும், அப்புறம்தான் குறையும். பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள், அது பெரிய உதவி. அழுகை அடங்கியதும் மடியில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சில பிள்ளைகள் அழுது அழுது மூச்சை நிறுத்தி, உதடு நீலமாகி, துவண்டு விழும். வீட்டில் எல்லோருக்கும் உயிரே போய்விடும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தானாகவே மூச்சு வந்துவிடும். பக்கவாட்டில் படுக்க வையுங்கள். குலுக்காதீர்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். முதல் தடவை வந்தால் கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள், ஏனென்றால் வலிப்பும் இப்படித் தெரியலாம். இதற்கும் இரும்புச்சத்துக் குறைவுக்கும் தொடர்பு உண்டு. நாம் ரொட்டியைத் தேத்தண்ணியில் தொட்டு ஊட்டுகிற ஆட்கள். சாப்பாட்டோடு குடிக்கும் தேயிலை, இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கிறது. மண், சுண்ணாம்பு தின்னும் பிள்ளைக்கும் இந்தக் குறைவு இருக்கலாம், அடிப்பதற்கு முன் டாக்டரிடம் இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை காலை மட்டும் வரும் வயிற்றுவலி உங்களுக்குத் தெரியும். "நடிக்கிறான்" என்று இழுத்துப் போவதும் தவறு, வீட்டில் வைத்துப் போன் கொடுப்பது அதைவிடத் தவறு. வலி உண்மைதான், பயத்துக்கும் வயிறு வலிக்கும். ஒருமுறை டாக்டரிடம் காட்டி வேறு கோளாறு இல்லையென்று தெரிந்துகொண்டு, அன்றைக்கோ மறுநாளோ பாடசாலைக்குக் கூட்டிப் போய்விடுங்கள். வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் திரும்பிப் போவது கஷ்டமாகும். டீச்சரிடம் தனியாகப் பேசுங்கள். பிரம்பா, எழுத்து வாசிக்க வராததா, வழியில் யாராவது கேலி செய்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

அம்மா வெளிநாட்டில் வேலைக்குப் போன வீடுகள் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பிள்ளை தூங்கும்போது சொல்லாமல் போவது பலர் செய்வது. அழுவதைப் பார்க்க முடியாது என்பது காரணம். ஆனால் விழித்துப் பார்க்கும் பிள்ளைக்கு, தூங்கினால் ஆட்கள் காணாமல் போவார்கள் என்றுதான் விளங்கும். அப்புறம் அது இரவில் தூங்காது, அப்பாயியின் சேலையை விடாது. இதற்குக் கயிறு மந்திரித்துக் கட்டுவார்கள். கட்டுங்கள், அது பெரியவர்களுக்காவது ஆறுதல். ஆனால் போகும் முன் பிள்ளையிடம் சொல்லுங்கள், எத்தனை பொங்கல் கழித்து வருவாள் என்று கணக்கும் சொல்லுங்கள். "நீ குழப்படி பண்ணினா அம்மா வரமாட்டா" என்று மட்டும் எந்தக் கோபத்திலும் சொல்லாதீர்கள். பிள்ளை அதை அப்படியே நம்பும்.

பேச்சு தாமதமாகிற பிள்ளைக்கு "இவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்" என்ற சமாதானம் வேண்டாம். இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் தோட்டத்துக்கு வரும் மருத்துவமாதுவிடம் (தாய் சேய் நலம் பார்ப்பவர்) சொல்லுங்கள். காதைச் சோதிப்பதிலிருந்து தொடங்குவார்கள்.

கடைசியாக, கலகலப்பாக இருந்த பிள்ளை திடீரென்று ஒடுங்கிப்போனால், குறிப்பிட்ட ஒருவரைக் கண்டு மட்டும் ஒளிந்தால், குளிக்க வைக்கும்போது தொட விடாவிட்டால், பேய் பிடித்திருக்கிறதா என்று பார்க்கப் போகாதீர்கள். யாராவது தவறாக நடந்திருக்கிறார்களா என்ற சந்தேகம் முதலில் வர வேண்டும். இஸ்தோப்பில் பத்துப் பேர் முன்னால் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். சொன்னதை நம்புங்கள், "உன் மேல தப்பு இல்ல" என்று சொல்லுங்கள். லயத்துக்குள் பெரியவர்கள் கூடிப் பேசி முடிக்கிற விஷயம் இல்லை இது. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929. அழைக்கக் காசு இல்லை, தமிழில் பேசலாம். அடுத்த காம்பராவுக்குக் கேட்டுவிடும் என்று தோன்றினால், போனை எடுத்துக்கொண்டு தேயிலை மலைப் பக்கம் நடந்து போய்ப் பேசுங்கள்.